பெரிய ஆளுக்கு எதற்குத் தடுப்பூசி

என் மூத்திரப்பையைப் பற்றித் திருத்தங்கலில் பாதி ஊர் பேசிய காலம் ஒன்று உண்டு. அது முடிந்து மூன்று வருடம் ஆகிறது. இன்றைக்கும் யாருக்காவது சிறுநீரில் சிவப்பாகக் கண்டால் முதலில் என்னைத்தான் தேடி வருகிறார்கள். பிரஸ் வாசலில் கூப்பிட்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஆதியோடு அந்தமாகச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. எழுதி வைத்தால் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கூச்சப்படுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். முக்கால்வாசி சிறுநீர் சமாச்சாரம்தான்.

நான் ஆஃப்செட் மெஷின்மேன். இருபத்தெட்டு வருடமாகக் காலண்டர் அடிக்கிறேன். ஓடுகிற மெஷினிலிருந்து ஒரு தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்தால் போதும், சிவப்பு ஒரு பொட்டு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். சிவப்பு கூடினால் காலண்டர் படத்து லட்சுமிக்குக் காய்ச்சல் வந்தது போல முகம் ஆகிவிடும். குறைந்தால் சோகை பிடித்தவள் ஆகிவிடுவாள். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பக்கத்து பிரஸ்காரர்களே தாளைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டிப்போவார்கள். இந்தக் கண்தான் என்னை ஏமாற்றியது.

பிரஸ்ஸுக்கு வருவதற்கு முன்னால் கலர் தீக்குச்சிக் கம்பெனி ஒன்றில் நான்கு வருடம் சாயம் கலக்கினேன். அங்கே சாயம் கலக்குகிற நாட்களில் எச்சில் சிவப்பு, வியர்வை சிவப்பு, சிறுநீரும் சிவப்பாகத்தான் போகும். புதிதாக வந்தவன் பயந்துபோய் ஓடி வந்தால் பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே 'சாயம் இறங்குது' என்பார்கள். மோர் குடித்துவிட்டுத் தூங்கினால் காலையில் சரியாகிவிடும். எங்கள் பக்கம் சாயத்தில் வேலை பார்த்த எவரும் சிவப்பைக் கண்டு பதறமாட்டார்கள்.

அந்த வருடக் கார்த்திகையில் காலண்டர் ஆர்டர் மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஜவுளிக்கடை காலண்டருக்கு ஓரம் முழுக்கப் பளீரென்ற ரோஸ் கலர். மை கலக்கிக் கலக்கி என் கைக்குட்டை, பனியன், நகக்கண் எல்லாம் ரோஸாகிவிட்டது. அந்த வாரத்தில்தான் ஒருநாள் சிறுநீரும் அதே நிறத்தில் போனது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. சாயம் இறங்குது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சொம்பு மோர் குடித்தேன். மறுநாள் தெளிவாகிவிட்டது. தை மாதம் ஒரு தடவை வந்தது, பங்குனியில் ஒரு தடவை. பங்குனியில் ரோஸ் மை அடிக்கவே இல்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் மோர்தான் குடித்தேன். வீட்டில் பாண்டியம்மாளிடம், அதாவது என் மனைவியிடம், மூச்சு விடவில்லை.

வைகாசியில் கட்டி கட்டியாக வந்து அடைத்துக்கொண்டது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பேப்பர் அடுக்கின் மேல் சாய்ந்துவிட்டேன். சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்க் குழாய் போட்டு இறக்கினார்கள். குழாயோடு சேர்ந்த பிளாஸ்டிக் பையில் நிறைந்ததைப் பார்த்ததும், இத்தனை வருடம் சிவப்பைப் பார்த்தவனுக்கு, அது மையும் இல்லை சாயமும் இல்லை என்று ஒரு நொடியில் புரிந்தது. எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். நான் பாண்டியம்மாளைப் பார்க்காமல், கார்த்திகையிலிருந்து என்றேன்.

வீட்டுக்கு வந்து அவள் சோறு போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "ஏழு மாசம். வீட்ல குழம்புல உப்பு கூடுனா தெருவுக்கே சொல்றீக. இத எங்கிட்டச் சொல்ல வாய் வரலயா?" என்று கேட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியைச் சொன்னார்கள். அங்கே ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருக்கிற கூட்டத்தைப் பார்த்தால் எந்தத் துக்கத்திலும் சிரிப்பு வரும். சிறுநீர் நன்றாக முட்டினால்தான் பை விரிந்து படத்தில் தெரியும் என்று எல்லோரையும் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். ஆளுக்கொரு பாட்டிலோடு வராந்தாவில் நடப்போம். 'முட்டிருச்சா?' 'இன்னும் இல்ல, ஒங்களுக்கு?' இப்படித்தான் அங்கே ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது. முட்டியவர்கள் டோக்கன் தாண்டி உள்ளே போய்விட, முட்டாதவர்கள் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஸ்கேனில் கட்டி தெரிந்தது. மூத்திரத் துவாரம் வழியாகவே மெல்லிய கருவியை விட்டு அதைச் சுரண்டி எடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டிருந்தார்கள். எடுத்த சதைத் துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், அதைத்தான் பயாப்ஸி என்கிறார்கள். பத்து நாள் கழித்துக் காகிதம் வந்தது. புற்றுநோய். அதிலும் வேகமாக வளர்கிற ஜாதி. கட்டி இருந்த இடம் போக, உள்தோலில் அங்கங்கே மெலிதாகப் படர்ந்தும் இருக்கிறது என்றார் டாக்டர். படர்ந்ததைச் சுரண்டி முடிக்க முடியாதாம்.

டாக்டர் அதிகம் பேசாத மனிதர். சிகரெட் எத்தனை வருடம் என்று கேட்டார். இருபது என்றேன். என்ன வேலை என்றார். சாயம், மை என்றேன். அவர் தலையை ஆட்டி, புகைதான் பெரிய குற்றவாளி, சில சாயங்களுக்கும் பங்கு உண்டு, உங்கள் விஷயத்தில் யார் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அப்புறம் ஒரு தாளில் படம் போட்டு இரண்டு வழி சொன்னார். ஒன்று, பையை முழுதாக எடுத்துவிடுவது. எடுத்தால் வயிற்றில் ஒரு துளை வைத்து, வெளியே ஒட்டிய பிளாஸ்டிக் பையில் சிறுநீர் சேரும். இன்னொன்று, பையை வைத்துக்கொண்டே அதற்குள் தடுப்பூசி விட்டுப் பார்ப்பது. வாரம் ஒன்று, ஆறு வாரம். அதன்பின் உள்ளே பார்ப்போம். நோய் மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் பையை எடுத்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து.

என்ன தடுப்பூசி என்று கேட்டேன். பிறந்த குழந்தைக்கு இடது கையில் போடுகிறோமே, அந்தக் காசநோய்த் தடுப்பூசிதான் என்றார். நான் பாண்டியம்மாளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். டாக்டருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தோம்.

அவர் பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். அந்தத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமிதான். வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் பல்லைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பைக்குள் விட்டால் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்நியன் வந்துவிட்டான் என்று உடம்பின் காவல் அணுக்கள் அங்கே திரண்டு வரும். அதுவரை புற்று அணுக்களைச் சொந்த அணுக்கள் என்று நினைத்துச் சும்மா விட்டிருந்த அதே காவலர்கள், வந்த இடத்தில் அவற்றையும் சேர்த்து அடிப்பார்கள். எப்படி அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று கேட்டேன்.

"அது எங்களுக்கே முழுசாத் தெரியாதுங்க," என்றார் டாக்டர். "ஆனா நிறையப் பேருக்கு வேலை செய்யுது."

தெரியாது என்று ஒரு டாக்டர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனாலேயே அவர் மேல் நம்பிக்கை வந்தது. கையில் போட்டால் போதாதா என்று இன்னொன்றும் கேட்டேன். கையில் போட்டால் காவலர்கள் கைக்குப் போவார்கள், சண்டை நடக்க வேண்டிய இடத்திலேயே கிருமியை இறக்கினால்தான் பலன் என்றார். புற்றுக்குத் தடுப்பூசி தேடி உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம். மருந்து செய்வது ஒரு பாடு என்றால், அதைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதைவிடப் பெரிய பாடாம். எண்ணெய்ச் சொட்டுக்குள் பொதிந்து அனுப்பிப் பார்க்கிறார்கள், வேறு கிருமியின் முதுகில் ஏற்றி அனுப்பிப் பார்க்கிறார்கள். தங்கத்தைத் தூளாக்கி, அதன் மேல் மருந்தைப் பூசி, துப்பாக்கி போல ஒன்றில் வைத்துத் தோலுக்குள் சுடவும் செய்கிறார்கள். நான் எந்த ஊர் என்பதைக் காகிதத்தில் பார்த்துவிட்டு, அந்தத் துப்பாக்கியை முதன்முதலில் செய்தபோது வெடிமருந்து வைத்துத்தான் சுட்டார்கள் என்று சொல்லி லேசாகச் சிரித்தார். எங்கள் ஊரில் வெடிமருந்து கையை எடுத்துப் பார்த்திருக்கிறேன், கண்ணை எடுத்துப் பார்த்திருக்கிறேன். தங்கத் தூளைச் சுமந்துகொண்டு உடம்புக்குள் மருந்து கொடுக்கப் போனது என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வீடு வந்து சேரும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆவணி முடிவில் முதல் தடவை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்கக் கூடாது. தடுப்பூசி காபி நிறக் கண்ணாடிக் குப்பியில் இருந்தது, வெளிச்சம் பட்டால் கிருமி செத்துவிடுமாம். உள்ளே வெள்ளையாக ஒரு சிட்டிகைத் தூள், அவ்வளவுதான். நர்ஸ் முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அதை உப்புநீரில் கரைத்தார். மெல்லிய ரப்பர் குழாயைத் துவாரம் வழியாக உள்ளே விட்டு, பையைக் காலி செய்து, கரைத்த மருந்தை மெல்ல இறக்கினார். ஜில்லென்று அடிவயிற்றில் இறங்குவது தெரிந்தது. குழாயை உருவிவிட்டு, இரண்டு மணி நேரம் அடக்க வேண்டும் என்றார். அடக்குவது எனக்குப் பழக்கம். மெஷின் ஓடும்போது நகர்ந்தால் கலர் மாறிவிடும் என்று அரை நாள் அடக்கி நின்றவன் நான்.

சும்மா படுத்திருக்கவும் விடவில்லை. கால் மணிக்கு ஒரு தடவை மல்லாந்து, இடப்பக்கம், வலப்பக்கம், குப்புற என்று புரள வேண்டும். அப்போதுதான் மருந்து பையின் எல்லாச் சுவரிலும் படும். ரோலரில் மை சமமாக ஏறவில்லை என்றால் தாளில் வெள்ளை விழும், அது எனக்குத் தெரியாதா? அதனால் ஒரு நிமிடம்கூடத் தப்பாமல் புரண்டேன். பாண்டியம்மாள் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரம் வந்ததும் "திரும்புங்க" என்பாள். ஏழு மாத விஷயத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய பேச்சில் பாதி அந்த ஒரு சொல்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் விதிகள் உண்டு. ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், தெறிக்கக் கூடாது. போனதும் ப்ளீச்சிங் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத்தான் கழுவ வேண்டும், உயிருள்ள கிருமி வெளியே வருகிறது அல்லவா. நாங்கள் இருப்பது நான்கு குடித்தனம் உள்ள காம்பவுண்டு, கக்கூஸ் இரண்டுதான். வாரா வாரம் திங்கட்கிழமை ப்ளீச்சிங் வாடை ஏன் என்று கேட்டார்கள். கரப்பான் பூச்சி என்று பாண்டியம்மாள் சொல்லிவிட்டாள். நோய் இன்னதென்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கல் அடைப்பு என்றுதான் பிரஸ்ஸிலும் சொல்லி வைத்திருந்தேன். முதலாளி ஒருவருக்கு மட்டும் உண்மை தெரியும்.

உண்மை தெரிந்த இன்னொரு ஆள் என் கொழுந்தியாள் முத்துலட்சுமி. தாயில்பட்டிப் பக்கம் கிராம சுகாதார நர்ஸ். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதுதான் அவள் பிழைப்பு. காசநோய்க் கிருமி என்று கேட்டதிலிருந்து பாண்டியம்மாள் எனக்குத் தனித் தட்டு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். முத்துலட்சுமி வந்து, தட்டெல்லாம் வேண்டாம், கக்கூஸில் மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்று விளக்கினாள். விளக்கிவிட்டு என் பக்கம் திரும்பி, பச்சைப் பிள்ளைக்கு நான் துளியூண்டுதான் போடுவேன், அது வீல் வீலென்று கத்தும், அத்தானுக்கு ஒரு குப்பியே உள்ளே போகிறதே, கத்தினீகளா என்று கேட்டாள். கொழுந்தியாள் கேலி செய்யாமல் யார் செய்வார்கள். ஆனால் அந்தக் கேலிக்குப் பிறகுதான் அந்த வீட்டில் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு குளிர் காய்ச்சல் வந்தது. மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், புரட்டாசி வெயிலில், பல் கிட்டித்து நடுங்கினேன். பாண்டியம்மாள் தன் முந்தானையைச் சுற்றிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் துண்டை வாங்கி அதையும் சுற்றினாள். டாக்டருக்கு போன் செய்தபோது, இரண்டு நாளில் இறங்கினால் நல்லது, காவலர்கள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம், இறங்கவில்லை என்றால் உடனே வாருங்கள் என்றார். மறுநாள் இறங்கிவிட்டது. சிறுநீர் போகும்போது எரிந்த எரிச்சலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் எனக்குள் ஒரு சண்டை நடக்கிறது, அதைக் கண்ணுக்குத் தெரியாத யாரோ எனக்காகப் போடுகிறார்கள் என்று நினைத்தபோது அந்த எரிச்சலைக் கும்பிடத் தோன்றியது.

ஐந்தாவது வாரம்தான் சோதனை. மதுரையில் மருந்து தீர்ந்துவிட்டது என்றார்கள். எங்கேயும் ஸ்டாக் இல்லை. வாரம் தப்பினால் பலன் குறையுமா என்று கேட்டதற்கு, தப்பாமல் போடுவதே நல்லது என்றார் டாக்டர். முதலாளி சென்னையில் தனக்குத் தெரிந்தவர்கள் மூலம் ஒரு குப்பியைத் தேடிப் பிடித்து, சிவகாசிக்கு வரும் தனியார் பஸ்ஸில் ஐஸ் போட்ட டப்பாவில் கொடுத்துவிடச் செய்தார். அந்த பஸ் மதுரை ஊருக்குள் நுழையாது, நிற்காமல் வெளிச்சாலையிலேயே வந்துவிடும். ஆகவே சிவகாசியில் வாங்கித் திரும்ப மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். குளிர் குறையவும் கூடாது, உறையவும் கூடாது.

முத்துலட்சுமி லீவு போட்டுவிட்டு வந்தாள். கைப்பிடி உடைந்து ஓரங்கட்டியிருந்த தடுப்பூசிப் பெட்டி ஒன்றை, நீல நிறப் பெட்டி, தான் வேலை பார்க்கும் இடத்து டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். தண்ணீர் அடைத்து உறையவைத்த பிளாஸ்டிக் ஐஸ் பாக்கெட்டுகளை எடுத்த எடுப்பில் வைக்கவில்லை. வெளியே வைத்து, அவை வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வரை காத்திருந்து, துடைத்துவிட்டு அடுக்கினாள். குப்பியைக் கறுப்புத் தாளில் சுற்றி நடுவில் வைத்து மூடினாள். இனி மதுரை போகும் வரை யாரும் திறக்கக் கூடாது என்றாள். மூவரும் பஸ் ஏறினோம்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த நாட்களில் எங்கள் ஊரிலிருந்து கிளம்புகிற பஸ்ஸில் மூடிய பெட்டி எது கண்ணில் பட்டாலும் பட்டாசு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பஸ்ஸில் பட்டாசு கொண்டுபோவது ஆபத்து, ஆனாலும் சேலைக்கு அடியிலும் அரிசிப் பைக்குள்ளும் வைத்துக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. ஆகவே வழியில் நிறுத்திச் சோதிப்பார்கள். எங்களுக்கு இது தெரியாததல்ல. மருந்து கிடைத்த சந்தோஷத்தில் மூன்று பேருமே மறந்துவிட்டோம். ஆஸ்பத்திரிச் சீட்டு பாண்டியம்மாளின் இன்னொரு பையில் வீட்டிலேயே இருந்தது.

விருதுநகர் வருவதற்கு முன்னால் போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார். இரண்டு அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார். முத்துலட்சுமி மடியில் பெட்டி. திறக்கச் சொன்னார். தடுப்பூசி சார் என்றாள். யாருக்கு என்று கேட்டார். அவள் என்னைக் காட்டினாள். அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார்.

"பெரிய ஆளுக்கு எதுக்கும்மா தடுப்பூசி?" என்று சொல்லிக்கொண்டே மூடியில் கை வைத்தார்.

வெளியே கொளுத்துகிற வெயில். முத்துலட்சுமி இரண்டு கையாலும் மூடியை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. பஸ் முழுக்கத் தெரிந்த முகங்கள். பின் சீட்டில் எங்கள் காம்பவுண்டுக்காரர் ஒருவரே இருந்தார். பேசியது பாண்டியம்மாள்.

"சார், இவுகளுக்கு மூத்திரப்பையில புத்துநோய். இந்த மருந்த உள்ள ஊத்துனாத்தான் பையி தங்கும். வெயில் பட்டா மருந்து செத்துப்போகும். நீங்க தொறக்கணும்னா எங்களால தடுக்க முடியாது."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆனால் பஸ் முழுக்கக் கேட்டது. எனக்கு அப்படியே ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் போல இருந்தது. போலீஸ்காரர் கையை எடுத்துவிட்டார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். போலியோ சொட்டு மருந்து கொண்டுவருகிற பெட்டிதானே இது, பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனபோது பார்த்திருக்கிறேன் என்று முத்துலட்சுமியிடம் சொன்னார். இறங்கிப் போய், வழியில் எங்கும் நிற்க வேண்டாம், நேராக ஓட்டு என்று டிரைவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

பஸ் நகர்ந்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். முன் சீட்டில் இருந்த ஒரு பெண், விரலெல்லாம் வெள்ளி மருந்து படிந்திருந்தது, பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், எழுந்து வந்து, இந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது, பெட்டியை எங்கள் பக்கம் கொண்டாங்க என்று சீட்டு மாறிக்கொண்டார். ஒருவர் துண்டை நனைத்துக் கொடுத்தார். காம்பவுண்டுக்காரர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்துவிட்டு, கரப்பான் பூச்சிக்கு இம்புட்டு ப்ளீச்சிங்கா என்று அன்றைக்கே நினைத்தேன் என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஊர் என்ன நினைக்கும் என்று அத்தனை மாதம் பயந்தேனே, அந்த ஊர்தான் அன்றைக்கு மதுரை வரை ஒரு சிட்டிகைத் தூளைக் கண்ணில் வைத்துக் கொண்டுபோனது. தங்கத் தூளும் எண்ணெய்ச் சொட்டும் சுமந்து போகட்டும், எனக்கு ஒரு நீலப் பெட்டியும் ஈரத் துண்டும் சுமந்து வந்தன.

மருந்து கெடவில்லை. ஆறாவதும் முடிந்தது. இரண்டு மாதம் கழித்து மார்கழியில் உள்ளே பார்த்தார்கள். துவாரம் வழியாகக் கேமரா வைத்த குழாயை விடுவார்கள், சிஸ்டோஸ்கோபி என்று பெயர். இடுப்புக்குக் கீழ்தான் மரத்திருந்தது, அதனால் தலைமாட்டில் இருந்த டிவியில் என் பையை நானே பார்த்தேன். அப்படி ஒரு இடம் எனக்குள் இருக்கிறது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இளம் ரோஸ் நிறத்தில் வழவழவென்ற சுவர், அதில் நூல் நூலாக ரத்தக் குழாய்கள். இரண்டு சின்னத் துளைகள் இருந்தன. அதில் ஒன்று திடீரென்று திறந்து கொஞ்சம் நீரைப் பீச்சிவிட்டு மூடியது. சிறுநீரகத்திலிருந்து வருகிறது என்றார் டாக்டர். நான் பிறந்ததிலிருந்து, தூங்கும்போதும் மெஷின் ஓட்டும்போதும், யாரும் கேட்காமல் இது நடந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் ஒரு நாள்கூட அதை நினைத்ததில்லை.

அப்புறம் சிவப்புத் திட்டுகள் வந்தன. மூன்று இடத்தில். அது நோயா என்று கேட்டேன். தடுப்பூசி போட்ட புண்ணாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்றார். மூன்றிலும் துணுக்கு எடுத்தார். நோயாக இருந்தால் தை பிறந்ததும் பையை எடுத்துவிட வேண்டும், இனித் தள்ளிப்போட முடியாது என்றார்.

அந்த ஒன்பது நாளும் நான் மெஷினுக்குப் போனேன், தாளை உருவிப் பார்த்தேன், கலர் சரியா என்று கேட்டவர்களுக்கு எனக்குத் தெரியவில்லை என்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் வழக்கமாகப் பார்க்கிற அருப்புக்கோட்டைக்காரர் ஒருவருக்குப் பை எடுத்திருந்தார்கள். சட்டைக்குள் பிளாஸ்டிக் பையோடு வண்டி ஓட்டுகிறார், கல்யாண வீட்டுக்குப் போகிறார், பழகிவிடும் என்று எனக்குத் தைரியம் சொல்லியிருந்தார். அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். பாண்டியம்மாள் எனக்குத் தெரியாமல் இரண்டு சட்டையைப் பெரிய அளவில் தைக்கக் கொடுத்திருந்தாள்.

பத்தாம் நாள் டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "மூணு இடத்துலயும் நோய் இல்ல. வெறும் தடுப்பூசிப் புண்ணு," என்றார். பையைத் தொட வேண்டியதில்லை. ஆனால் விட்டுவிடவும் முடியாது, சில மாதத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் இதே தடுப்பூசி, அடிக்கடி கேமரா, வருடக்கணக்கில். சரி என்றேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் சரி என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் கொஞ்ச நேரம் விட்டுக் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் மாறி ஏற வேண்டும். எனக்கு முட்டியது. பாண்டியம்மாளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். ஆண்கள் வரிசையாக நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு, எதையோ யோசித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் செல்போனில் பேசிக்கொண்டே போனார். நானும் அவர்களோடு போய் நின்றேன். எரிச்சல் இல்லாமல், தடை இல்லாமல் போனது. முடிந்த பிறகும் நகர மனமில்லாமல் நின்றேன். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

வெளியே வந்தேன். பாண்டியம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். எரிச்சல் இல்லையா என்று கேட்டாள், இல்லை என்றேன். நன்றாகப் போனதா என்றாள், ஆமாம் என்றேன். அவ்வளவுதான் கேட்டாள். அப்புறம் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை மாதத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பூக்காரம்மா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"என்னய்யா, வீட்ல ஏதும் கேதமா? யாரும் தவறிட்டாகளா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்ல தாயி," என்றேன். "நான் ஒன்னுக்குப் போயிட்டு வந்தேன். அதுக்குத்தான் அழுகுறா."